என்ன கூட்டம் என்று கேளுங்கள்!

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட ஊழியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து சம்பளக் கணக்கு, சட்டம், கோரிக்கை என்று கனமான விஷயங்களைக் கேட்டுக் களைத்திருப்பீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இந்த வகுப்புக்குக் கொடுத்திருக்கும் விஷயம் பார்வைக்குச் சின்னது. கூட்டம் என்ற சொல்லைப் பற்றியும் அதன் பங்காளிச் சொற்களைப் பற்றியும் பேசப் போகிறோம். சபை, சங்கம், மன்றம், மகாசபை, மாநாடு, ஊர்வலம், ஆர்ப்பாட்டம்: இவையெல்லாம் நம் வாயில் தினமும் புழங்கும் சொற்கள்தான். "சொல்லில் என்ன இருக்கிறது? சோறு கிடைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். சொல்லைச் சரியாகப் பிடிக்காததால் சோற்றில் மண் விழுந்த கதை ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

நேற்று மாலை நடந்த ஒரு சிறு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். இங்கே வந்திருக்கும் மில் தோழர் ஒருவர், தங்கள் சங்கப் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். "ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூட்டம். அனைவரும் திரண்டு வருக" என்று அதில் எழுதியிருந்தது. அவர் கேட்டார்: "இது என்ன கூட்டம் தோழர்? நான் வந்து கேட்கணுமா, பேசணுமா, கை தூக்கணுமா?"

இதைவிட நல்ல கேள்வியை நாங்கள் இத்தனை வருஷ முழுநேர வேலையில் கேட்டதில்லை. இன்றைய வகுப்பே அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று நம் பாட்டன் பூட்டன் சொல்லி வைத்தார்கள். அம்பலம் என்றால் என்ன? ஊர் கூடிப் பேசும் பொது இடம். தென் ஜில்லாக்களில் ஊர்த் தலைவருக்கு அம்பலக்காரர் என்றே பட்டம் உண்டு. மறைத்து வைத்த விஷயம் வெளியே வந்துவிட்டால் "அம்பலமாகிவிட்டது" என்கிறோம். ஊருக்கு நடுவில் வந்துவிட்டது என்று பொருள். ஆகவே இந்தப் பழமொழி, ஏழைக்குப் பேசத் தெரியாது என்று சொல்லவில்லை. ஏழை பேசினால் அந்தப் பேச்சு, முடிவெடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது என்று சொல்கிறது. வழி எங்கே அடைபடுகிறது என்று தெரிந்தால்தானே திறக்க முடியும்?

எந்தக் கூட்டமானாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கூட்டியது யார்? உள்ளே உட்கார உரிமை யாருக்கு? பேச உரிமை யாருக்கு? அங்கே எடுக்கும் முடிவு யாரைக் கட்டுப்படுத்தும்? இந்த நான்குக்கும் பதில் மாற மாற, கூட்டத்தின் பெயரும் மாறும்.

பழைய காலத்திலிருந்து பார்ப்போம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கூட்டங்களுக்கு வெவ்வேறு பெயர்கள் இருக்கின்றன. பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரில் கூடியது சபை. வேளாண் நிலக்காரர்கள் கூடியது ஊர். வணிகர்கள் கூடியது நகரம். பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்கு நாடு. இடத்தின் பெயரும் கூட்டத்தின் பெயரும் ஒன்றாகவே இருந்தன. "ஊர் முடிவு செய்தது" என்றால் ஊரில் நிலம் உள்ளவர்கள் முடிவு செய்தார்கள் என்று பொருள். நிலமில்லாதவன் அந்த ஊரில் உழுதான், நட்டான், அறுத்தான். ஆனால் 'ஊர்' என்ற சொல்லுக்குள் அவன் இல்லை. அவன் இருந்த இடத்துக்கு வேறு பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் இருக்கின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்ற பேச்சு நம் காலம் வரை வந்திருக்கிறதே, அதன் வயது ஆயிரம் வருஷத்துக்கு மேல்.

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குடத்தில் ஓலைச் சீட்டைப் போட்டுக் குலுக்கி, சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள். அதில் நல்ல விதிகள் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. அவன் நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. இன்றைக்கும் பல பஞ்சாயத்துகளில் ஒட்டிவைக்க வேண்டிய விதி இது! ஆனால் முதல் விதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் எத்தனை பேருடைய ஓலை அந்தக் குடத்தில் விழுந்திருக்கும்? ஒருவருடையதும் விழாது. குடவோலையைப் பார்த்துப் பெருமைப்படுவோம், தவறில்லை. குடத்துக்கு வெளியே நின்றவர்களையும் மறக்காமல் இருப்போம்.

பிற்காலத்து ஊர்க்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தப்படித்துத் தெருத் தெருவாகக் கூட்டத்தை அறிவித்தவர் சேரியைச் சேர்ந்தவர். கூட்டம் நடக்கும்போது அவர் எங்கே இருப்பார்? திண்ணைக்குக் கீழே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூப்பிட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டியவராக நிற்பார். ஊரைக் கூட்டியது அவருடைய கை. கூடிய ஊரில் அவருக்கு இடமில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் புதுப் பெயர்கள் வந்தன. 1884ல் சென்னை மகாஜன சபை ஏற்பட்டது. மகாஜனம் என்ற சொல்லில் ஜனம் இருக்கிறது. ஆனால் அந்தச் சபையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள், நிலச்சுவான்தார்கள். சர்க்காருக்கு மனு எழுதினார்கள். அது அந்தக் காலத்துக்கு ஒரு முன்னேற்றம்தான். ஆனால் கூலிக்காரன் அந்த மகாஜனத்தில் சேரவில்லை.

கூலிக்காரனுக்கு ஒரு பெயர் எப்போது கிடைத்தது? மில் தோழர்கள் கவனமாகக் கேளுங்கள். இது உங்கள் குடும்பக் கதை. சென்னை பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்தாலே தெரியும், பக்திப் பிரசங்கம் நடக்கும் சபை. அதை நடத்தியவர்களில் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் இருந்தார்கள். பக்கத்தில் பக்கிங்காம், கர்னாடிக் மில்கள். அங்கே வேலை செய்த தொழிலாளர்கள் பிரசங்கம் கேட்க வந்தார்கள். வந்த இடத்தில் தங்கள் கஷ்டத்தையும் சொன்னார்கள். அந்த மேடையில் 1918 மார்ச்சில் திரு.வி.க. வந்து பேசினார். அந்த வருஷம் ஏப்ரல் 27ந் தேதி, பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

சபையிலிருந்து சங்கத்துக்கு வந்ததில் என்ன மாறியது? ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். தெருவும் அதே தெரு. சபையில் தொழிலாளி கேட்பவனாக உட்கார்ந்தான். சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினனாக உட்கார்ந்தான். சபையின் பேச்சு காற்றோடு போகும்; சங்கத்தின் முடிவு முதலாளியின் மேஜைக்குப் போகும். இந்த வித்தியாசம் முதலாளிக்கு உடனே புரிந்துவிட்டது. பக்திச் சபை நடந்தவரைக்கும் யாரும் வழக்குப் போடவில்லை. சங்கம் வந்த பிறகு, 1920ல், கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போய் வாடியாவின் மேல் வழக்குப் போட்டது. கோர்ட்டும் தடையுத்தரவு கொடுத்தது. தொழிலாளரின் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகு வலுத்து, 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஒரு பெயர் மாற்றத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இந்த நாட்டின் முதல் மே தினம் அது. ஐகோர்ட்டு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். கடற்கரையில் திண்ணை இல்லை, கதவு இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து மணலில் உட்காரலாம். இதுதான் பொதுக்கூட்டம் என்ற சொல்லின் பலம். பொதுக்கூட்டத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு. ஆனால் தோழர்களே, பொதுக்கூட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது. மேடையில் இருப்பவர் பேசுவார். கீழே இருப்பவர் கேட்பார், கைதட்டுவார், பிடிக்காவிட்டால் எழுந்து போவார். ஊருக்குச் செய்தி சொல்ல அதைவிடச் சிறந்த இடம் இல்லை. முடிவெடுக்க அதைவிட மோசமான இடமும் இல்லை.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறோம்.

சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன்பு, நாங்கள் வேலை செய்த பகுதியில் ஒரு நூற்பு மில். பெயர் வேண்டாம், நாங்கள் சொல்லப்போகும் தவறு எங்களுடையது. நிர்வாகம் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொன்னது. பதிலுக்கு, ஒரு தொழிலாளி பார்க்கும் ரிங் பிரேம்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்றது. மூன்று நாள் பேச்சுவார்த்தை. மூன்றாம் நாள் மாலை, சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்ததும், கேட் மீட்டிங் போட்டோம். ஷரத்துகளைச் சொன்னோம். "சம்மதம்தானே, தோழர்களே?" என்று மைக்கில் கேட்டோம். பெரிய கைதட்டல். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டோம்.

பத்து நாள் கழித்து ராத்திரி ஷிப்ட் தோழர்கள் சங்க ஆபீசுக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கேட்டார்: "ராத்திரியிலே எப்பவும் ஆள் குறைச்சல். இருக்கிறவங்க அத்தனை பிரேமுக்கும் ஓட வேண்டியிருக்கு. இதுக்கு எங்களை யார் தோழர் கேட்டது?"

"கூட்டத்தில் கேட்டோமே. எல்லோரும் கை தட்டினார்களே" என்றோம்.

"அந்த நேரத்திலே நாங்க வீட்டிலே தூங்கிக்கிட்டு இருந்தோம். தட்டினது யார் கை?"

எங்களிடம் பதில் இல்லை. கேட் மீட்டிங்கில் பகல் ஷிப்ட் கை தட்டியது. எதிர்த்த டீக்கடைக்காரரும் தட்டினார். பஸ்ஸுக்கு நின்றவரும் தட்டினார். ராத்திரி ஷிப்ட் தட்டவில்லை. கேட் மீட்டிங் என்பது செய்தி சொல்லும் கூட்டம். ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கேட்க வேண்டிய இடம் மகாசபை. பொதுக்குழு என்றாலும் பேரவை என்றாலும், சங்கத்தின் உறுப்பினர் அத்தனை பேரும் கூடும் கூட்டம் அதுதான். அதற்கு முன்கூட்டி நோட்டீஸ் உண்டு. நோட்டீஸில் என்ன விஷயம் என்ற நிகழ்ச்சி நிரல் உண்டு. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கோரம் உண்டு. மினிட் புத்தகம் உண்டு. இத்தனையையும் தாண்ட எங்களுக்குப் பொறுமை இல்லை; கைதட்டலில் மயங்கினோம்.

விளைவு என்ன? ராத்திரி ஷிப்டில் பாதிப் பேர் சந்தாவை நிறுத்தினார்கள். அடுத்த மழைக்காலத்தில், விடியற்காலை மூன்று மணி வாக்கில், தூக்கக் கலக்கத்தில் ஒரு தோழரின் கை மிஷினில் சிக்கி இரண்டு விரல் போயிற்று. அது கூடுதல் பிரேமால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். ஆனால் அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களைப் பார்த்த பார்வையை நாங்கள் மறக்கவில்லை.

விலகிப் போனவர்களைத் திரும்பக் கொண்டுவர இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தத்துக்கு ஏழு நாள் முன்னதாக நோட்டீஸ் ஒட்டினோம். மூன்று ஷிப்டுக்கும் தனித்தனி நேரத்தில் ஷரத்துகளை வாசித்தோம். ரகசிய வாக்குப் பெட்டி வைத்தோம். இரண்டு ஷரத்துகளைத் தொழிலாளர்கள் தள்ளினார்கள். அவற்றைத் திருத்தச் சொல்லி மறுபடி பேச்சுவார்த்தைக்குப் போனோம். முதலில் எங்களுக்கு அது அவமானமாகத் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, எங்கள் பேச்சுக்குப் பலம் கொடுத்ததே அதுதான். "எங்கள் மகாசபை ஒப்பவில்லை" என்று சொன்னபோது நிர்வாகத்தால் பதில் பேச முடியவில்லை.

மகாசபையிலும் எல்லோரும் எப்போதும் கூடிக்கொண்டே இருக்க முடியாது. அதனால் நிர்வாகக் குழு உண்டு, கமிட்டி என்போம். பல ஆலை, பல ஊர் சேர்ந்தால் மாநாடு. மாநாட்டிலும் இரண்டு உண்டு. பிரதிநிதிகள் மாநாடு கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்து வாக்கெடுக்கும். கடைசி நாள் மாலைப் பொதுக்கூட்டம் அந்த முடிவை ஊருக்குச் சொல்லும். ஊர் போய், "மாநாட்டுக்குப் போயிருந்தேன்" என்பவரிடம், "பிரதிநிதியாகவா, பார்வையாளராகவா?" என்று கேளுங்கள். பிரதிநிதியாகப் போனவர் திரும்பி வந்து கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

பிரதிநிதி என்ற சொல்லுக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். சோவியத் என்ற ருஷ்யச் சொல்லை ஒரு நாட்டின் பெயராக மட்டும் கேட்டிருப்பீர்கள். அந்த நாடு 1991ல் கலைந்தது. சொல்லின் பொருள் ஆலோசனை, ஆலோசனைச் சபை என்பதுதான். அதற்கு அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது? 1905 மே மாதம், இவானோவோ-வோஸ்னெசென்ஸ்க் என்ற நெசவாலை நகரத்தில் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தால்கா ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து முதலாளியிடம் பேச முடியுமா? ஆலைக்கு ஆலை ஆள் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 150 பிரதிநிதிகள். இரண்டு மாதத்துக்கு மேல் போராட்டத்தை நடத்தியது அந்தச் சபை. கரையில் கூடியது கூட்டம். அது தேர்ந்தெடுத்தது சபை. இரண்டையும் அவர்கள் குழப்பவில்லை. அவர்களும் நம்மைப் போலப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள்தான்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, உங்கள் முறை. உங்கள் ஊரில் ஊராட்சி மன்றமும் இருக்கிறது, கிராம சபையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. மன்றம் என்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடுவது. கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும். குடிசைக்காரரும் அதில் உறுப்பினர், மிராசுதாரும் உறுப்பினர். அரசியல் சட்டத்தின் 73வது திருத்தம் 1993ல் அமலுக்கு வந்து, 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்த பிறகு இதற்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது. சோழர் காலத்து 'ஊர்' என்ற சொல்லுக்குள் நுழைய முடியாதவர்களுக்கு, 'கிராம சபை' என்ற சொல் கதவைத் திறந்துவிட்டது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாட்களும் சேர்ந்தன. கோரமும் உண்டு. ஜனத்தொகை 500 வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். 2005ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யும் உரிமையைத் தன் 17வது பிரிவில் இந்தச் சபைக்குத்தான் கொடுத்தது.

கோரம் வேண்டுமென்றால் கையெழுத்து வேண்டும். அதனால் ஏமாற்றும் அங்கேதான் நுழைகிறது. ஓர் ஊரில் நாங்கள் கண்ணால் கண்டது. கிராம சபை நாள் காலையில், பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்து, "வருகைப் பதிவு, கைநாட்டு வையுங்க" என்றார். ஒவ்வொருவராக வைத்தார்கள். ஒரு மூதாட்டி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இது வந்ததுக்கு வைக்கிறதா, ஒத்துக்கிட்டதுக்கு வைக்கிறதா?"

"வந்ததுக்குத்தான் ஆத்தா."

"நான் இன்னும் வரவே இல்லையே. வந்த பிறகு வைக்கிறேன்."

மாலையில் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களையும் அழைத்து வந்தார். தீர்மானங்களை முழுக்க வாசிக்கச் சொன்னார். நான்காவது தீர்மானம், ஊர்க் குளம் தூர் வாரி முடித்ததைச் சபை ஏற்றுக்கொள்கிறது என்று இருந்தது. அவர் எழுந்தார்: "நேத்து அங்கேதான் மாடு கழுவினேன். சேறு முழங்காலுக்கு இருக்கு. எந்தக் குளம் தம்பி?" ஊர் சிரித்தது. ஆனால் அந்தத் தீர்மானம் நிறைவேறவில்லை. மறு அளவு எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்த மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தக் கூட்டம், எதற்குக் கைநாட்டு என்று கேட்கத் தெரிந்தது. அவர் சொல் அன்று அம்பலம் ஏறியது.

இன்னொரு பெயரும் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது: கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய ஆலையோ சுரங்கமோ வருவதற்கு முன்னால், 2006ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி கலெக்டரோ அவர் பிரதிநிதியோ தலைமையில் நடத்துவது. குறைந்தது முப்பது நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். பெயரை உற்றுக் கவனியுங்கள்: கருத்தைக் கேட்பது மட்டும்தான். அங்கே வாக்கெடுப்பு இல்லை, கோரமும் இல்லை. நீங்கள் ஆயிரம் பேர் கூடி வேண்டாம் என்று கத்திவிட்டு, "ஜெயித்துவிட்டோம்" என்று வீடு திரும்பக்கூடாது. அங்கே பலம் கொடுப்பது, நீங்கள் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறுவதுதான். ஆகவே எழுதிக்கொண்டு போங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். குறிப்பை அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தெருவுக்கு வருவோம். நடந்து போனால் ஊர்வலம். பல திசையிலிருந்து வந்து பெருந்திரளாகச் சேர்ந்தால் பேரணி. நின்று முழங்கினால் ஆர்ப்பாட்டம். வாசலில் உட்கார்ந்துவிட்டால் தர்ணா. வழியை அடைத்தால் மறியல். இவற்றுக்கு நாம் வைக்கும் பெயர் ஒன்று, போலீஸ் வைக்கும் பெயர் வேறு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சட்டம் விலக்கிய நோக்கத்தோடு கூடினால் சட்டவிரோதக் கூட்டம் என்று 1860ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 141வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் வந்தது. அதிலும் 189வது பிரிவாக அதே ஐந்து பேர்தான். 144 தடையுத்தரவு என்பதும் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163 ஆகிவிட்டது. ஆனாலும் ஜனங்கள் வாயில் அது இன்னும் நூற்று நாற்பத்து நான்குதான். அரசியல் சட்டத்தின் 19வது ஷரத்து, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டம் என்று எழுத வேண்டிய இடத்தில் கும்பல் என்று ஒரு பத்திரிகை எழுதினால், அந்த உரிமையின் மேல் முதல் தடி விழுந்துவிட்டது என்று பொருள்.

பெயர் சூட்டுவது யார் என்பது உயிர் போகிற விஷயமாகவும் ஆகலாம். 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ் நகரம், ஜாலியன்வாலா பாக். அன்று வைசாகித் திருநாள். கிராமங்களிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ரௌலட் சட்டத்தைக் கண்டிக்கும் கூட்டத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள். கூட்டம் கூடக்கூடாது என்று ஜெனரல் டயர் அன்று காலை போட்ட உத்தரவு பலருடைய காதில் விழவே இல்லை. வந்தவர்களுக்கு அது திருவிழா, அது பொதுக்கூட்டம். டயருக்கு அது சட்டவிரோதக் கூட்டம். கலைந்து போகும்படி எச்சரிக்கக்கூட இல்லாமல் சுட்டான். சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கிலேயே 379 பேர் செத்தார்கள்.

தோழர்களே! சொற்கள் மாறும். ஒரு காலத்தில் மகாநாடு என்றார்கள், இன்று மாநாடு என்கிறோம். அக்கிராசனர் தலைவரானார். காரியதரிசி செயலாளரானார். வந்தனோபசாரம் நன்றியுரை ஆயிற்று. அதனால் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் மகாசபையின் வேலையைக் கேட் மீட்டிங்குக்குக் கொடுத்தால் நஷ்டம். கிராம சபையின் வேலையை நோட்டுப் புத்தகத்துக்குக் கொடுத்தால் நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு விரலும் கூலியும் கொடுப்பவர்கள் நாம்தான்.

ஊருக்குத் திரும்பியதும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, உங்கள் சங்கம் ஒட்டும் நோட்டீஸில் இது என்ன கூட்டம், என்ன விஷயம், முடிவெடுக்குமா என்று எழுத வையுங்கள். எழுதாவிட்டால் எங்களையே கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது, வந்தாலும் கேளுங்கள். இரண்டு, தீர்மானத்தை உரக்க வாசித்து முடிக்கும் வரை கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். மூன்று, கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், அன்று வர முடியாத ஒருவரிடம், ராத்திரி ஷிப்ட்காரரிடமோ பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்ணிடமோ, நடந்ததைச் சொல்லுங்கள். அவர் ஒப்பாவிட்டால் அதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நோட்டீஸ் கொண்டுவந்த தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மகாசபையாக இருக்க வேண்டும் என்று உங்கள் செயலாளருக்கு இன்று காலை கடிதம் எழுதிவிட்டோம். நோட்டீஸுக்கு நாள் போதாது. ஆகவே கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். வாருங்கள். கேளுங்கள், பேசுங்கள். பிறகு கை தூக்குங்கள்.